நட்சத்திரம் பொறித்த வண்டி

உலகில் பெரும் புகழ் பெற்ற மோட்டார் கார்களுள் மெர்ஸிடிஸ்-பென்ஸ் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். மூன்று முனை நட்சத்திரத்தைத் தாங்கி வரும் அந்த வண்டியைத் தெருவில் கண்டால் திரும்பிப் பாராதவர் சிலரே. அதன் விலையைப் பற்றிப் பேசுவோர் பலர். வேகத்தைப் பற்றிப் பேசுவோரும் பலர். வரலாற்றை அறிந்து பேசுவோர் குறைவு. அதனை நாம் ஏன் அறிய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். புதிய பொருள்களை ஆக்கியோரின் பெயர்களைப் பாடநூல்கள் நமக்குச் சொல்லுகின்றன. அப்பொருள்களை வாங்கிக் கையாண்டு, அவற்றின் குறைகளைக் கண்டு கூறியோரைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. மெர்ஸிடிஸ் காரின் வரலாற்றிலோ, ஆக்கியோருக்கு நிகராக ஓட்டியோரும் உடையோரும் இடம்பெறுகின்றனர். அவர்கள் கேட்ட கேள்விகளால் அவ்வண்டி வளர்ந்தது. ஒரு காலத்தில் எவரும் கேட்காமல் விட்ட கேள்வியால் அதன் பெயருக்குக் கறையும் படிந்தது. இவ்விரண்டையும் இன்றைய பேச்சில் எடுத்துரைக்க எண்ணுகிறேன்.

தொடக்கத்தில் இரண்டு மூலவர்களைக் காண்கிறோம். ஒருவர் கார்ல் பென்ஸ், 1844இல் பிறந்தவர், மான்ஹைம் நகரில் தொழிற்சாலை நடத்தியவர். மற்றவர் காட்லீப் டைம்லர், 1834இல் பிறந்தவர், ஸ்டட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில், தமது தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டிலையே பட்டறையாக்கிக்கொண்டவர். டைம்லருக்கு வலக்கையாக விளங்கியவர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியியல் மேதை. இவர்கள் தனித்தனியே, சற்றேறக்குறைய ஒரே காலத்தில், குதிரை இன்றி ஓடும் வண்டியைக் கண்டனர். பென்ஸ் தமது மூன்று சக்கர வண்டிக்கு 1886ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். அதன் எஞ்சினுக்கு ஒரே ஒரு சிலிண்டர். அதன் ஆற்றல் ஒரு குதிரைத்திறனுக்கும் குறைவு. அதன் வேகம் மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். அதே 1886ஆம் ஆண்டில் டைம்லர், நான்கு சக்கரக் குதிரை வண்டி ஒன்றில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்.

காப்புரிமை கிடைத்துவிட்டது, வண்டியும் ஓடிற்று. ஆயினும் மக்கள் அதனை ஐயத்துடனேயே நோக்கினர். பட்டறையைச் சுற்றிச் சிறிது தொலைவு ஓடும் ஒரு விந்தையாகவே அது பலருக்குத் தோன்றியது. தொலைதூரப் பயணத்திற்கு அது பயன்படுமா என்னும் கேள்விக்கு விடை காண முன்வந்தவர் பென்ஸின் மனைவியார் பெர்த்தா அம்மையார். இவ்வம்மையார் திருமணத்திற்கு முன்பே, 1871இல், தமக்குரிய சீதனப் பணத்தைக் கொடுத்துப் பென்ஸின் தொழிற்சாலையைக் காப்பாற்றியவர் என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள், 15 வயதும் 13 வயதும் நிரம்பிய மைந்தர் இருவரையும் உடனழைத்துக்கொண்டு, கணவருக்கு முன்கூட்டிச் சொல்லாமலே, பெர்த்தா அம்மையார் மான்ஹைமிலிருந்து புறப்பட்டார். அவர் சேர வேண்டிய இடம் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைம். தொலைவு நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. அந்நாளில் பெட்ரோல் நிலையம் ஏது? வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில், துணிக் கறை போக்குவதற்கென விற்ற எண்ணெயை வாங்கி ஊற்றிக்கொண்டார். எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டபோது தமது தொப்பி ஊசியால் அதனைக் குத்திச் சரிசெய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையின் பட்டையைச் சுற்றி மறைத்தார். அறுந்த சங்கிலியைக் கொல்லர் ஒருவர் சீர்செய்து கொடுத்தார். மேட்டில் ஏற வண்டிக்கு வலிமை போதாமையால் மைந்தர் இறங்கித் தள்ளினர். இறக்கத்திலோ மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்தன. அம்மையார் சக்கிலியர் ஒருவரைக் கொண்டு அவற்றின்மேல் தோலை அடித்துப் பொருத்தச் செய்தார். அன்று மாலை ஊர் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.

இப்பயணத்தைத் துணிச்சல் மிக்க ஒரு பெண்மணியின் வீரச்செயல் என்று போற்றுவது வழக்கம். அது தகும். ஆயினும் அதனினும் சிறந்ததொன்று அதில் உண்டு. போகும் வழியெல்லாம் அம்மையார் வண்டியின் குறைகளைக் கண்டறிந்தார். திரும்பியதும் அவற்றைக் கணவரிடம் எடுத்துரைத்தார். பிரேக் கட்டைக்குத் தோலுறை வந்தது. ஏற்றத்தில் ஏறுவதற்கென்று தாழ்ந்த கியர் ஒன்றும் வந்தது. தொழிற்கூடத்துக்குள் பல ஆண்டுகள் புலப்படாத குறைகளை ஒரு நாள் சாலை புலப்படுத்திற்று. படைத்தவரின் அறிவும் பயன்படுத்தியவரின் அறிவும் அங்கே ஒன்றுசேர்ந்தன. அவர் சென்ற வழி 2008 முதல் பெர்த்தா பென்ஸ் நினைவுப் பாதை என்று வழங்குகிறது.

இனி 'மெர்ஸிடிஸ்' என்னும் பெயரின் கதைக்கு வருவோம். அது ஜெர்மானியப் பெயர் அன்று. ஸ்பானிய மொழிப் பெண்பெயர். டைம்லரோ மேபாக்கோ சூட்டிய பெயரும் அன்று. ஒரு வாடிக்கையாளர் தந்த பெயர். எமில் யெல்லினெக் என்பவர் பிரான்ஸின் தென்கடற்கரையில் உள்ள நீஸ் நகரில் வாழ்ந்த செல்வர், வணிகர். அவர் 1897 முதல் டைம்லர் கார்களை வாங்கலானார். தாம் வாங்கியதோடு நில்லாமல் தம்மைச் சூழ்ந்த செல்வர்க்கும் விற்றார். கார்ப் பந்தயங்களில் கலந்துகொண்டபோது தமது மகளின் பெயராகிய மெர்ஸிடிஸ் என்பதையே புனைபெயராக வைத்துக்கொண்டார்.

யெல்லினெக் எளிதில் மனநிறைவு அடையாதவர். வண்டி உயரமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, வளைவில் கவிழப் பார்க்கிறது என்றெல்லாம் அவர் தொழிற்சாலைக்கு ஓயாது குறை கூறிக்கொண்டே இருந்தார். 1900ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீஸ் நகருக்கு அருகே நடந்த மலையேற்றப் பந்தயத்தில் வில்ஹெல்ம் பவர் என்னும் டைம்லர் ஓட்டுநர் விபத்துக்குள்ளாகி உயிர் துறந்தார். பந்தயங்களையே விட்டுவிடலாமா என்று தொழிற்சாலையினர் தயங்கினர். யெல்லினெக்கின் எண்ணம் வேறாயிற்று. குற்றம் வேகத்தில் இல்லை, வண்டியின் அமைப்பில் இருக்கிறது. நீளமும் அகலமும் உடையதாய், தரையோடு தாழ்ந்ததாய், எடை குறைந்ததாய் ஒரு வண்டி செய்யுங்கள் என்று அவர் வற்புறுத்தினார். வெறும் சொல்லோடு விடாமல், 5,50,000 மார்க் விலையில் 36 வண்டிகளுக்கு ஆர்டரும் கொடுத்தார். பின்னர், புதிய வண்டிக்குத் தம் மகளின் பெயரைச் சூட்ட வேண்டும் என்பதும் ஒப்பந்தமாயிற்று.

மேபாக் அவ்வண்டியை வடித்துத் தந்தார். 35 குதிரைத்திறன் கொண்ட முதல் வண்டி 1900 டிசம்பரில் யெல்லினெக்கிடம் சேர்ந்தது. அதன் சட்டம் எஃகுத் தகட்டை அழுத்தி வார்த்தது. அதன் முகப்பில் தேன்கூட்டைப் போல ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் கொண்ட ரேடியேட்டர் எஞ்சினைக் குளிர்வித்தது. மறு மார்ச்சில், 1901இல், நீஸ் பந்தயங்களில் அவ்வண்டி பிற வண்டிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. குதிரை வண்டியின் சாயல் நீங்கி, இன்று நாம் கார் என்று அறியும் உருவம் அதனோடுதான் தோன்றியது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். 1902இல் 'மெர்ஸிடிஸ்' பதிவு பெற்ற வணிகப் பெயராயிற்று. அடுத்த ஆண்டில் யெல்லினெக் தம் பெயரோடு மெர்ஸிடிஸ் என்பதையும் சேர்த்துக்கொண்டார். தந்தையின் பெயரை மக்கள் தாங்குவது உலக வழக்கு. இங்கே மகளின் பெயரைத் தந்தை தாங்கினார்! டைம்லர் இவை எவற்றையும் காணவில்லை. 1900 மார்ச்சிலேயே அவர் காலமாகிவிட்டார்.

நட்சத்திரச் சின்னம் 1909இல் பதிவாயிற்று. டைம்லர் முன்னொரு காலத்தில் தமது வீட்டின் படம் கொண்ட அஞ்சலட்டையில் ஒரு நட்சத்திரத்தை வரைந்திருந்தார் என்றும், அவருடைய மைந்தர் அதனை நினைவில் வைத்திருந்து சின்னமாக்கினர் என்றும் கூறுவர். நிலம், நீர், வான் என்னும் மூன்றிலும் எஞ்சினைச் செலுத்த வேண்டும் என்பதே அதன் மூன்று முனைகளின் கருத்து. முதல் உலகப்போருக்குப் பின் ஜெர்மனியைப் பணவீக்கம் வாட்டியபோது, போட்டியிட்டு வந்த பென்ஸ் நிறுவனமும் டைம்லர் நிறுவனமும் 1926இல் ஒன்றாயின. அன்று முதல் வண்டிக்கு மெர்ஸிடிஸ்-பென்ஸ் என்று பெயர்.

இவ்வரலாற்றில் இருள் சூழ்ந்த பகுதி ஒன்றும் உண்டு. அதனை மறைத்துப் பேசுதல் ஆசிரியர்க்கு அழகன்று. 1930இல் இந்நிறுவனம் 770 என்னும் மாபெரும் வண்டியைச் செய்தது. அரியணை இழந்து ஹாலந்தில் வாழ்ந்த ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அதனை வைத்திருந்தார். ஜப்பானியப் பேரரசரின் அரண்மனையும் வாங்கியது. ஹிட்லரும் அதிலேறி ஊர்வலம் வந்தார். இரண்டாம் உலகப்போரில் இதே நிறுவனம் விமான எஞ்சின்களையும் போர்க் கருவிகளையும் செய்து குவித்தது. 1944இல் அதில் உழைத்தோர் 63,610 பேர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாடுகளிலிருந்து வலிந்து கொணரப்பட்டோரும், போர்க் கைதிகளும், வதைமுகாம் கைதிகளும் ஆவர். பெர்லினுக்குத் தெற்கே கென்ஷாகன் ஆலையில் ராவன்ஸ்ப்ரூக் முகாமைச் சேர்ந்த பெண்கள் அடிமைகளைப் போல வேலை வாங்கப்பட்டனர். பெர்த்தா அம்மையார் தம் 95ஆம் வயதில் மறைந்ததும் அதே 1944ஆம் ஆண்டில்தான். தம் சீதனத்தைக் கொடுத்து ஓர் அம்மையார் காத்த தொழில், கூலியும் விடுதலையும் இல்லாத பெண்களின் உழைப்பில் நடக்கும் நிலைக்கு வந்துவிட்டது!

இந்நிலை எவ்வாறு வந்தது? வண்டி வேகமாக ஓடுமா என்று கேட்டார்கள். பிரேக் பிடிக்குமா என்று கேட்டார்கள். இதனைச் செய்த கைகள் யாருடையவை என்று கேட்டார் இல்லை. கேட்கத் துணிந்தோரை அடக்கும் ஆட்சியும் அன்று இருந்தது. போர் முடிந்து நெடுங்காலம் சென்ற பின்னரே அக்கேள்வி உரக்க எழுந்தது. அக்கட்டாய உழைப்பைப் பற்றி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த விரிவான ஆராய்ச்சி 1994இல் நூலாக வெளிவந்தது. எஞ்சியிருந்தோர்க்கு ஈட்டுத்தொகை வழங்க ஜெர்மானிய அரசும் தொழில் நிறுவனங்களும் 2000இல் அமைத்த அறக்கட்டளையில் இந்நிறுவனமும் பங்குகொண்டது. அதற்குள் துன்புற்றோருள் பலர் இறந்துபோயினர்.

போருக்குப் பின் இந்நிறுவனத்தில் எழுந்த வேறொரு நல்ல கேள்வியையும் சொல்ல வேண்டும். பேலா பாரெனி என்னும் பொறியாளர் அங்கே பணியாற்றினார். கார் எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பானது என்பது அந்நாளைய நம்பிக்கை. அவரோ, மோதலில் காக்கப்பட வேண்டியது வண்டியா, உள்ளிருக்கும் மனிதரா என்று சிந்தித்தார். மனிதர் அமரும் நடுப்பகுதி உறுதியாகவும், முன்னும் பின்னும் உள்ள பகுதிகள் மோதலில் நசுங்கி அதிர்ச்சியைத் தாமே ஏற்றுக்கொள்வனவாகவும் இருக்க வேண்டும் என்று அவர் வகுத்த முறை 1950களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றது. 1959இல் விற்பனைக்கு வந்த காரில் இடம்பெற்றது. இன்று உலகின் கார்கள் யாவும் அம்முறையைத் தழுவியே கட்டப்படுகின்றன.

காரை உடைமையாகக் கொள்வது என்றால் என்ன என்பதற்குக் கிரேக்க நாட்டு வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் இலக்கணமானார். அவர் வைத்திருந்தது 1976இல் செய்யப்பட்ட 240டி என்னும் டீசல் வண்டி. எஞ்சின்களை மாற்றி மாற்றிப் பழுதுபார்த்துப் பேணி, அதனை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். உலகை நூறு முறைக்கு மேல் சுற்றிவரும் தொலைவு அது! 2004இல் அவ்வண்டி நிறுவனத்தின் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. பேரரசர்களின் வண்டிகளைக் காட்டிலும் அவ்வண்டியையே நான் மதிக்கிறேன். அவர்கள் அதில் அமர்ந்தார்கள். இவர் அதனைக் காத்தார்.

நம் நாட்டிலும் பெருவாரியான மக்கள் இந்நட்சத்திரத்தை முதலில் கண்டது சொகுசுக் காரில் அன்று, சரக்கு லாரியில். டாட்டா நிறுவனம் டைம்லர்-பென்ஸோடு செய்த ஒப்பந்தத்தின்படி 1954 முதல் ஜம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்தது. அவ்வுறவு 1969இல் முடிந்த பின்னும், என் இளமைப் பருவத்தில் நெல்லும் உப்பும் ஏற்றிக்கொண்டு நட்சத்திரம் பொறித்த பழைய லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. 'பென்ஸ் லாரி' என்றே எங்கள் ஊரார் அவற்றை அழைத்தனர். கார்கள் புனேயில் உருவாகத் தொடங்கியது 1995இல்தான்.

மாணவ நண்பர்களே, நீங்கள் நாளை பொறியாளர் ஆகலாம், வாங்குவோரும் ஆவீர்கள். கார் வாங்காவிடினும் மிதிவண்டியோ கைபேசியோ வாங்குவீர்கள். அதன் குறை எது என்று பெர்த்தா அம்மையாரைப் போல ஆராயுங்கள். இதனினும் நன்றாகச் செய்யக்கூடாதா என்று யெல்லினெக்கைப் போலக் கேளுங்கள். இதனைச் செய்தவர் யார், அவருக்குரிய கூலி கிடைத்ததா என்னும் கேள்வியையும் உடன் கேளுங்கள். 1944இல் கேட்கப்படாத அக்கேள்வியை இன்று கேட்பதற்கு உங்களைத் தடுப்பார் எவரும் இல்லை.