நியூ லானார்க்

ஸ்காட்லாந்தில் கிளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், கிளாஸ்கோவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள பழைய பஞ்சாலைக் குடியிருப்பு. அருவிகளின் நீர்விசையை நம்பி டேவிட் டேல் இதை நிறுவினார். 1786இல் நூற்பு தொடங்கியது. ஆதரவற்ற சிறுவர்கள் நூற்றுக்கணக்கில் இங்கே வேலை செய்தனர்.

டேலின் மருமகன் ராபர்ட் ஓவன் 1800இல் நிர்வாகத்தை ஏற்றதும் ஊரின் கதை மாறியது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அவர் ஆலையில் சேர்க்கவில்லை. 1816இல் குழந்தைகள் பள்ளியைத் திறந்தார். அவரது கடையில் தரமான பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. பிற்காலக் கூட்டுறவு இயக்கத்துக்கு அது ஒரு முன்னோடி.

அடி உதைக்குப் பதிலாக அவர் கையாண்டது ஒரு சிறு மரக்கட்டை. ஒவ்வொரு தொழிலாளியின் அருகிலும் அது தொங்கும். நான்கு பக்கங்களிலும் நான்கு வண்ணங்கள்: வெள்ளை மிகச் சிறந்த நடத்தைக்கு, மஞ்சள் நல்லதற்கு, நீலம் சுமாருக்கு, கருப்பு மோசமானதற்கு. முந்தைய நாள் நடத்தைக்குரிய வண்ணம் முன்பக்கம் திரும்பியிருக்கும். கனிவான முறைதான், ஆயினும் எந்நேரமும் கண்காணிப்பில் இருப்பது தொழிலாளிக்கு எளிதாக இருந்திருக்காது.

ஆலைகள் 1968இல் மூடப்பட்டன. இடிபாடாகும் நிலையிலிருந்து மீட்கப்பட்ட ஊர், 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது.

இன்றும் இங்கே மக்கள் வசிக்கிறார்கள். ஓர் ஆலை விடுதியாகிவிட்டது. இன்னொன்றில் பழைய நூற்பு எந்திரம் கம்பளி நூல் நூற்கிறது. பள்ளியையும் ஓவனின் வீட்டையும் பார்த்துவிட்டு ஆற்றோரப் பாதையில் மேலே நடந்தால் கோரா லின் அருவி. மழைக்குப் பின் போவது நல்லது.