எண்ணப்பட்டவர்களும் எண்ணாமல் விடப்பட்டவர்களும்: ஜப்பானின் மக்கள்தொகை வரலாற்றைப் புராக்கு மக்களின் பக்கம் நின்று வாசித்தல்



இந்த ஆண்டின் நினைவுப் பேருரைக்கு ஜப்பானின் மக்கள்தொகை வரலாற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஜப்பான் மூப்படைந்துகொண்டிருக்கிற நாடு என்று செய்தித்தாள்களில் நாம் அடிக்கடி படிக்கிறோம். அது உண்மைதான். 2008இல் 12 கோடியே 80 லட்சம் என்ற உச்சத்தைத் தொட்ட அந்நாட்டு மக்கள்தொகை, மீண்டும் அந்த உயரத்துக்கு வரவில்லை. 2024இல் அங்கே ஜப்பானியக் குடிமக்களுக்குப் பிறந்த குழந்தைகள் 6 லட்சத்து 86 ஆயிரம் பேர் மட்டுமே. நூற்றுக்கு 29 பேர் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். 2070இல் மக்கள்தொகை 8 கோடியே 70 லட்சமாகச் சுருங்கும் என்று அரசின் ஆய்வு நிறுவனமே கணித்திருக்கிறது.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பொருளாதார நிபுணர்கள் தங்கள் கேள்விகளைக் கேட்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இந்த மக்களை எண்ணியவர்கள் யார்? எதற்காக எண்ணினார்கள்? யாரைத் தனியே பிரித்து எண்ணினார்கள், யாரை எண்ணாமலே விட்டார்கள்? இந்தக் கேள்விகளோடு ஜப்பானின் நானூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், பிறப்பின் பெயரால் ஒதுக்கப்பட்ட ஒரு மக்களின் வரலாறு அதற்குள்ளிருந்து எழுந்து வருகிறது. அவர்கள்தாம் புராக்கு மக்கள்.

கோயில் ஏடும் ஊர் ஏடும்

1603இல் தொக்குகாவா ஆட்சி தொடங்கியது. கிறித்தவத்தை ஒழிப்பதற்காக அந்த ஆட்சி ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்த விகாரையில் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும். தாம் கிறித்தவர் அல்லர் என்று விகாரை சான்று தர வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. ஊர்தோறும் ஆண்டுதோறும் எழுதப்பட்ட இந்த ஏடுகளில் வீட்டுத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வயது எல்லாம் இருந்தன. இன்று மக்கள்தொகை வரலாற்றாசிரியர்கள் கொண்டாடும் அரிய ஆவணம், கண்காணிப்பதற்காகப் பிறந்த ஆவணம்.

சமூகம் அப்போது படிநிலைகளாகக் கட்டப்பட்டிருந்தது. மேலே சாமுராய்கள், அவர்களுக்குக் கீழே உழவர்களும் கைவினைஞர்களும் வணிகர்களும். இந்த வரிசைக்கும் வெளியே வைக்கப்பட்டவர்கள் இரு பெரும் பிரிவினர். செத்த மாட்டை அப்புறப்படுத்தி, தோல் பதனிட்டு, காவல் வேலையும் மரணதண்டனை வேலையும் பார்த்தவர்களை 'எதா' என்றார்கள். 'மிகுந்த அழுக்கு' என்று பொருள்படும் எழுத்துகளால் அதை எழுதினார்கள். பிச்சையெடுத்தவர்களையும் தெருக்கூத்து ஆடியவர்களையும் 'ஹினின்' என்றார்கள். அதன் பொருள் 'மனிதர் அல்லாதவர்'. இரண்டும் இன்று வசைச்சொற்கள். வரலாற்றுக்காக மட்டுமே இங்கே சொல்கிறோம். எதா மக்களுக்கு விகாரையும் பெரும்பாலும் தனி, பதிவேடும் பல இடங்களில் தனி. உடலைச் சேரிக்கு வெளியே விடாதது போலவே பெயரையும் ஊர் ஏட்டுக்குள் விடவில்லை.

1721இல் ஷோகுன் யோஷிமுனே நாடு முழுவதும் மக்களை எண்ண ஆணையிட்டார். 1726 முதல் 1846 வரை ஆறாண்டுக்கு ஒருமுறை இது நடந்தது. ஒவ்வொரு முறையும் கிடைத்த எண் 2 கோடியே 50 லட்சத்துக்கும் 2 கோடியே 70 லட்சத்துக்கும் இடையிலேயே நின்றது. இந்தக் கணக்கில் சாமுராய்கள் இல்லை. பல சிற்றரசுகளில் சிறு குழந்தைகள் இல்லை. ஒதுக்கப்பட்ட மக்கள் சில இடங்களில் தனியே எண்ணப்பட்டார்கள், சில இடங்களில் விடப்பட்டார்கள். மேலே இருந்தவர்களும் விடுபட்டார்கள், கீழே இருந்தவர்களும் விடுபட்டார்கள். ஆனால் இரண்டும் ஒரே விடுபடல் அல்ல. சாமுராய் விடுபட்டது அவர் எண்ணுகிறவரின் பக்கத்தில் இருந்ததால். எதா விடுபட்டது அவரை மனிதக் கணக்கில் சேர்க்கலாமா என்பதே கேள்வியாக இருந்ததால்.

நூற்றிருபது ஆண்டுகள் மக்கள்தொகை ஏன் அசையாமல் நின்றது? பஞ்சம் ஒரு காரணம். 1780களில் வந்த தென்மெய் பஞ்சத்தின்போது, ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் மட்டும் சுமார் 9 லட்சம் பேர் குறைந்தார்கள். வடகிழக்கு ஊர்கள் பல வெறிச்சோடின. பத்து லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த எதோ நகரத்துக்குப் பிழைக்கப்போன இளையவர்களை நோய் தின்றது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் 'மபிக்கி'. நெருங்கி முளைத்த நாற்றுகளில் சிலவற்றைப் பிடுங்கி மற்றவற்றுக்கு இடம் விடும் உழவுத் தொழிலின் சொல் அது. பிறந்த குழந்தையைக் கொல்வதற்கும் அதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். சிற்றரசர்கள் அதைத் தடைசெய்தார்கள். கர்ப்பிணிகளின் பட்டியல் எழுதினார்கள். குழந்தை வளர்க்க உதவித்தொகையும் கொடுத்தார்கள். உழவர் குறைந்தால் நெல் வரி குறையும் என்ற கவலை அதில் பெரிதாக இருந்தது.

இதே காலத்தில் மேற்கு ஜப்பானின் பல ஒதுக்கப்பட்ட ஊர்களில் மக்கள்தொகை கூடியிருப்பதை ஏடுகள் காட்டுகின்றன. தோல் வேலையும் செருப்புத் தொழிலும் தந்த வருமானம், சிசுக்கொலையைக் கண்டித்த ஷின் பௌத்தத்தில் அவர்களுக்கிருந்த பற்று ஆகியவற்றை ஆய்வாளர்கள் காரணங்களாகச் சொல்கிறார்கள். மனிதக் கணக்குக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் தங்கள் குழந்தைகளைக் காப்பாற்றினார்கள். ஆனால் ஆதிக்கக் கண் அதைப் பார்த்த விதம் வேறு. உழவர் குறைய இவர்கள் பெருகுகிறார்களே என்ற புலம்பல்தான் எழுந்தது. இந்தப் புலம்பலை எந்த நாட்டில் கேட்டாலும் நமக்கு அடையாளம் தெரியும்.

விடுதலை ஆணையும் புதிய பதிவேடும்

1868இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1871இல் எதா, ஹினின் என்ற பெயர்களை ஒழித்து, அவர்களையும் பொதுக்குடிகளாக அறிவித்து ஆணை வெளியானது. தோல் தொழிலில் இருந்த தனியுரிமை போயிற்று. நிலமோ பணமோ பதிலுக்கு வரவில்லை. மேற்கு ஜப்பானின் உழவர்கள் பலர் இந்த ஆணையை எதிர்த்தே கலகம் செய்தார்கள். 1873இல் மிமசாக்கா பகுதியில் புராக்கு மக்கள் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன.

1872இல் நாடு தழுவிய குடும்பப் பதிவேடு உருவானது. 'ஜின்ஷின் கோசெக்கி' என்பது அதன் பெயர். மொத்த மக்கள்தொகை சுமார் 3 கோடியே 31 லட்சம் என்று அது சொன்னது. எல்லோரும் ஒரே ஏட்டில் வந்தது பெரிய மாற்றம்தான். ஆனால் அந்த ஏட்டிலேயே சிலருக்குப் பழைய இழிபெயரையும், சிலருக்குப் 'புதிய பொதுக்குடி' என்ற சொல்லையும் அதிகாரிகள் எழுதிவைத்தார்கள். பழைய பொதுக்குடி யார் என்பதைச் சொல்ல எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. 'புதிய' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பரம்பரை, பிறந்த ஊர், உறவு எல்லாம் அடங்கிய இந்தப் பதிவேட்டை, கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர் பார்த்தார். வேலை கொடுக்கிற முதலாளி பார்த்தார். சட்டத்தில் ஒழிந்த சாதி, காகிதத்தில் வாழ்ந்தது.

'புராக்கு' என்பது சிற்றூர், குடியிருப்பு என்று மட்டுமே பொருள்படும் சொல். அதுவும் நாளடைவில் ஒதுக்கலின் குறியாயிற்று. 'காலனி' என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் என்ன நேர்ந்தது என்று அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பேரரசின் மனிதக் கணக்கு

ஜப்பானின் முதல் நவீன மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1920இல் நடந்தது. 5 கோடியே 60 லட்சம் பேர். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1922 மார்ச் 3 அன்று, கியோத்தோவில் புராக்கு மக்கள் 'சுயிஹெய்ஷா' என்ற சமன்மை இயக்கத்தைத் தொடங்கினார்கள். பிறர் இரக்கத்தால் தங்களுக்கு விடுதலை வராது, தங்கள் கையாலேயே வர வேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. எண்ணப்படும் பொருளாக இருந்தவர்கள் பேசும் மனிதர்களாக எழுந்த நாள் அது.

அரசு சார்பான 'இணக்க' அமைப்புகள் வேறு வழியில் நடந்தன. 1935இல் அவை எடுத்த கணக்கு 5,300க்கும் மேற்பட்ட புராக்குகள், சுமார் 10 லட்சம் மக்கள் என்று சொன்னது. நிலம் போதவில்லை, ஆள் அதிகம் என்று முடிவுகட்டி, மஞ்சூரியாவுக்குக் குடிபெயருங்கள் என்று ஊக்குவித்தன. குமாமோத்தோ மாவட்டத்தின் குத்தாமி பகுதியிலிருந்து அப்படிப் போன குழுவில் புராக்கு மக்கள் நிறைய இருந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் தோற்றபோது படை அவர்களைக் காக்க இல்லை. நிலம் பறிகொடுத்த உள்ளூர் மக்கள் சூழ்ந்துகொள்ள, பெண்களும் குழந்தைகளுமாக 270க்கும் மேற்பட்டோர் கூட்டாக உயிரை மாய்த்துக்கொண்டார்கள். ஒடுக்கப்பட்டவரை இன்னொரு மண்ணில் ஆக்கிரமிப்பாளராக நிறுத்தி, பின் இரண்டு பக்கமும் சாகவிட்ட கணக்கு இது.

அதே பேரரசு 1941இல், 1960க்குள் மக்கள்தொகை 10 கோடியாக வேண்டும், ஒவ்வொரு தம்பதிக்கும் சராசரியாக ஐந்து குழந்தைகள் வேண்டும் என்று கொள்கை வகுத்தது. யார் பெற வேண்டும் என்று சொன்ன அரசு, யார் பெறக் கூடாது என்றும் சொன்னது. 1940இல் தேசிய இனமேம்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்குப் பிறகு, 1948இல், சனநாயக நாடாளுமன்றம் அதைவிடக் கடுமையான சட்டத்தை இயற்றியது. 1996 வரை நீடித்த அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களில் சுமார் 16,500 பேருக்கு அது ஒப்புதல் இல்லாமல் நடந்தது. மாற்றுத்திறனாளிகள், மனநோயாளிகள் எனப் பலர் இதில் சிக்கினார்கள். அந்தச் சட்டம் அரசமைப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலையில்தான்.

குறைந்த பிறப்பும் குறையாத பிறப்புக் குறியும்

1947 முதல் 1949 வரை ஜப்பானில் சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. பிறகு சரிவு. ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1949இல் நான்குக்கு மேல், 1957இல் இரண்டு. 1949இல் பொருளாதாரக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பு அனுமதிக்கப்பட்டது இதில் பெரும்பங்கு வகித்தது. 1966இல் ஒரு விந்தை நடந்தது. அது 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அந்த ஆண்டில் பிறந்த பெண் கணவனைக் கொல்வாள் என்று ஒரு மூடநம்பிக்கை. ஒரே ஆண்டில் பிறப்புகள் கால்பங்கு குறைந்தன. தொழில்வளர்ச்சியின் உச்சியில் இருந்த ஒரு நாடு, பிறந்த நேரத்தை வைத்து ஒரு பெண்ணின் வாழ்நாளைத் தீர்மானிப்பதைக் கைவிடவில்லை. பிறந்த குடியை வைத்துத் தீர்மானிப்பதையும் கைவிடவில்லை.

புராக்கு விடுதலை இயக்கத்தின் போராட்டத்தால் 1969இல் சிறப்புத் திட்டச் சட்டம் வந்தது. வீடு, சாலை, பள்ளி, உதவித்தொகை எனப் பெரும் மாற்றங்கள் நடந்தன. அதற்கு முந்தைய ஆண்டில், 1968இல், 1872ஆம் ஆண்டுப் பதிவேடுகள் முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தன. ஆனால் 1975இல் ஓர் உண்மை வெளிவந்தது. நாட்டின் எல்லாப் புராக்குகளின் பெயரும் இருப்பிடமும் கொண்ட பட்டியல்கள் இரகசியமாக விற்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன. வேலைக்கு வரும் இளைஞரின் ஊரைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒதுக்குவதற்கு அது உதவியது. 1976இல் குடும்பப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம் என்ற நிலைக்குக் கட்டுப்பாடு வந்தது. பின்னர் 2016இல், 1935ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் ஊர்ப்பட்டியல் இணையத்தில் ஏற்றப்பட்டது. நீதிமன்றம் சென்றுதான் அதைத் தடுக்க வேண்டியிருந்தது. நலத்துக்கு என்று எடுத்த கணக்கு எண்பது ஆண்டுக்குப் பின்னும் பேரப்பிள்ளைகளைத் துரத்தியது.

கடைசியாக 1993இல் அரசு எண்ணியது: 4,442 பகுதிகள், 8 லட்சத்து 92 ஆயிரம் புராக்கு மக்கள். புராக்கு விடுதலைக் கழகம் சொல்வது 6,000 பகுதிகள், 30 லட்சம் மக்கள். அரசு தன் பட்டியலில் சேர்த்த பகுதிகளை மட்டும் எண்ணியது. பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களும், நகரத்துக்குப் போய் அடையாளத்தை மறைத்து வாழ்பவர்களும் அந்த எண்ணில் இல்லை. 2002இல் சிறப்புத் திட்டம் முடிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்ற எண்ணம் பரப்பப்பட்டது. பாகுபாடு இன்னும் இருக்கிறது என்று சட்டத்தில் எழுத 2016 வரை ஆயிற்று.

இன்று ஆள் பற்றாக்குறை. 2024 முடிவில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் 37 லட்சத்தைத் தாண்டினார்கள். இவர்களையும் கையிருப்பாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. 1990களில் ஆலைகளுக்கு அழைக்கப்பட்ட பிரேசில் ஜப்பானிய வம்சாவளியினரிடம், 2009 பொருளாதார நெருக்கடியில், 3 லட்சம் யென் தருகிறோம், திரும்பிப் போங்கள் என்றது அரசு. தேவைப்படும்போது எண்ணிச் சேர்ப்பதும் தேவையற்றபோது கழிப்பதும் 'மபிக்கி'யின் இன்னொரு வடிவம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

புராக்கு மக்களுக்கும் நமக்கும் இருப்பது வெறும் ஒப்புமை அல்ல. அவர்கள் முன்கையெடுத்து 1988இல் தோக்கியோவில் உருவாக்கிய பன்னாட்டு அமைப்பு தலித் இயக்கங்களோடு கைகோத்து நின்றது. 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு, வம்சாவளி அடிப்படையிலான பாகுபாடு என்ற வரையறைக்குள் சாதியைக் கொண்டுவந்ததில் இந்தக் கூட்டு உழைப்புக்குப் பங்கு உண்டு.

இந்தியாவின் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று 2025இல் ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. எண்ண வேண்டும் என்பது நம் நெடுநாள் கோரிக்கை. ஜப்பானின் வரலாறு அந்தக் கோரிக்கையைப் பலவீனப்படுத்தவில்லை. எண்ணாமல் விட்டால் ஒடுக்குமுறை கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதற்கு 2002க்குப் பிந்தைய ஜப்பான் சாட்சி. எண்ணியதைக் காக்காமல் விட்டால் அதுவே ஆயுதமாகும் என்பதற்கு 1975 சாட்சி. ஆகவே எண்ணுங்கள் என்று கேட்பதோடு நாம் நிற்க முடியாது. எடுத்த எண் நிலமாகவும் கல்வியாகவும் வேலையாகவும் திரும்பி வருகிறதா என்று கேட்க வேண்டும். தனிமனிதரின் பெயரும் ஊரும் யார் கையில் இருக்கும், எந்தச் சட்டம் அதைக் காக்கும் என்றும் கேட்க வேண்டும். கேள்வித்தாளை எழுதும் மேசையில் நம்மவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒரு நாட்டில் மனிதர்கள் குறைந்துகொண்டே போகும்போதும், யார் வீட்டில் பெண் எடுப்பது என்ற கேள்விக்குப் பழைய ஏட்டைத் தேடுகிறார்கள் என்றால், சாதி தானாக மூப்படைந்து சாவதில்லை என்று பொருள். காலம் அதை ஒழிக்காது. அதை ஒழிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

ஜெய் பீம்.