சிவன்மலை உத்தரவும் டெல்ஃபியின் அருள்வாக்கும்

அணுசக்தி நகரில் முப்பது வருஷம் குடியிருந்தவர்களுக்கு, பணி ஓய்வு நெருங்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது? எங்கள் அகத்திலும் வந்தது. ஆளுக்கு ஒரு பதில். கடைசியில் அம்மா, "சிவன்மலைக்குப் போய்ப் பூக் கட்டிப் பார்த்துண்டு வாங்கோ. முருகனே சொல்லட்டும்" என்றாள். நானும் மனைவியும் கிளம்பினோம்.

திருப்பூர் மாவட்டத்தில் காங்கயத்துக்கு அருகே உள்ளது சிவன்மலை. திரிபுர சம்ஹாரத்தின்போது பரமசிவன் மேருவை வில்லாக வளைத்தார். அப்போது சிதறி விழுந்த ஒரு துண்டே இம்மலை என்கிறது ஸ்தல புராணம். பட்டாலி என்ற பழம்பெயரால் அருணகிரிநாதர் திருப்புகழில் பாடிய தலம் இது. சித்தர் சிவவாக்கியர் இங்கே வழிபட்டதாகவும் ஐதீகம்.

இத்தலத்தின் தனிச்சிறப்பு, ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. முருகன் யாரோ ஒரு பக்தரின் கனவில் தோன்றி ஒரு பொருளைக் குறிப்பிடுவார். அவர் கோயிலில் வந்து சொன்னதும், சந்நிதியில் பூக் கேட்பார்கள். உத்தரவானால் அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அதுதான் இருக்கும். இத்தனை நாள் என்ற கணக்கு கிடையாது. தண்ணீர் வைத்தபின் 2004இல் சுனாமி வந்தது என்று பக்தர்கள் சொல்வார்கள். பெட்டியோ பொருளை மட்டும் காட்டும். அர்த்தம் சொல்வதெல்லாம் நாம்தான்.

அந்தப் பெட்டிமுன் நின்றபோது, எப்போதோ படித்த டெல்ஃபி ஞாபகம் வந்தது. கிரேக்க நாட்டில், பர்னாசஸ் மலைச்சரிவில் உள்ள அப்பல்லோவின் க்ஷேத்திரம் அது. பூமியின் நடு எது என்று அறிய ஜீயஸ் இரு திசையிலிருந்தும் இரண்டு கழுகுகளைப் பறக்கவிட்டாராம். அவை சந்தித்த இடமே டெல்ஃபி. உலகின் தொப்புள் என்று அங்கே ஒரு கல்லையே வைத்திருந்தார்கள். அப்பல்லோ பைத்தான் என்ற பெரும் பாம்பை வதைத்து அவ்விடத்தைத் தமதாக்கிக்கொண்டார் என்பது புராணம். பித்தியா என்ற பூசாரிணி முக்காலியில் அமர்ந்து அருள்வாக்குச் சொல்வாள். அதற்குமுன் ஆட்டின்மேல் குளிர்ந்த நீரைத் தெளிப்பார்கள். அது சிலிர்த்தால்தான் உத்தரவு. நம் கிராம தேவதை கோயில்களிலும் இதே வழக்கம் உண்டே! நிலப்பிளவிலிருந்து எழுந்த வாயுவே அவளுக்கு ஆவேசம் தந்தது என்று 2001இல் புவியியல் அறிஞர்கள் எழுதினர், மறுப்பவர்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்குமேல் பேசிய அந்த வாக்கு, கி.பி. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாடுகளைத் தடைசெய்தபோது ஓய்ந்தது.

டெல்ஃபியின் கதைகளில் பிரசித்தமானது லிடியா மன்னன் குரீசஸின் கதை. பாரசீகத்தின்மேல் படையெடுக்கலாமா என்று கேட்டான். எடுத்தால் ஒரு பெரிய சாம்ராஜ்யம் அழியும் என்று வாக்கு வந்தது. மகிழ்ந்து கிளம்பினான். கி.மு. 546 வாக்கில் அழிந்தது அவனுடைய சாம்ராஜ்யமே. பிறகு அவன் ஆள் அனுப்பிக் குறைப்பட்டுக்கொண்டபோது, எந்த சாம்ராஜ்யம் என்று நீ ஏன் கேட்கவில்லை என்று பதில் வந்ததாம். இதை எழுதிவைத்தவர் ஹெரோடோட்டஸ்.

எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான். "நம்ம ஊருக்கே போய்விடலாமா?" என்று வேண்டிக்கொண்டு பூக் கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தது. சம்மதம் என்று அர்த்தம். படி இறங்கும்போதே தகராறு ஆரம்பித்துவிட்டது. எந்த ஊர்? எனக்குக் கோயம்புத்தூர். மனைவி பிறந்து வளர்ந்ததோ செம்பூர். அவளுக்கு அதுதான் சொந்த ஊர்.

மும்பை திரும்பியதும் அம்மாவிடமே கேட்டோம். அதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. "கோயம்புத்தூர்ல இப்போ எனக்கு யாருடா இருக்கா? பேசிப் பழகினவா எல்லாரும் இங்கேதான்" என்றாள்.

இப்போது செம்பூரில் இருக்கிறோம். முருகன் சொன்னது பலித்துவிட்டது என்கிறாள் அம்மா. நான் மறுப்பதில்லை.