உப்பிய கண்டென்சரும் எஸ்.பி. ரோடும்

சிவனசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் சுமார் 147 கி.மீ. கம்பி வழியே போய்ச் சேர்ந்த இடம் பெங்களூர் அல்ல, கோலார் தங்கவயல். பெங்களூர்த் தெருக்களில் விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்தான். அதன் பிறகும் வெகுகாலம் மாநிலம் அணைத் தண்ணீரை நம்பியே விளக்கேற்றியது. மழை பொய்த்த ஆண்டில் மின்வெட்டு. ராய்ச்சூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு ஓடியதே 1985இல்.

கணினிகள் வந்து இறங்கியதும் அதே காலத்தில். இன்ஃபோசிஸ் 1983இல் புனேயிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது; டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985இல் கால்பதித்தது. வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள். மற்றவர்களுக்கு மின்னழுத்த ஏற்றத்தாழ்வையாவது சமாளிக்க ஸ்டெபிலைசர், அல்லது ஓயாமல் ரீங்கரிக்கும் சி.வி.டி. என்ற கனத்த இரும்புப் பெட்டி.

அந்தக் காலத்துக் கணினி இன்று உயிர்பெற மறுத்தால், பெரும்பாலும் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிப்பை அல்ல, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டியை. அது 230 வோல்ட்டை வாங்கி, 320 வோல்ட்டைத் தாண்டும் நேர்மின்சாரமாக்கி, பிறகே 5, 12 வோல்ட்டுகளாக இறக்கித் தருகிறது. நடுவில் நிற்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் இருப்பது திரவம். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். திரவம் வற்றும், தலை உப்பும், சில சமயம் கசிந்து செம்புத் தடத்தையே அரித்துவிடும். வெளியே எதுவும் தெரியாமல் உள்ளுக்குள் வற்றியதுதான் மெக்கானிக்கை அலையவைக்கும் ரகம். மீட்டரில் 5 வோல்ட் சரியாகக் காட்டும், லோடு ஏறியதும் சரியும்.

பிரிட்டனின் பி.பி.சி. மைக்ரோ கணினியின் மின்வழங்கியில் வேறொரு கோளாறு பிரபலம். அதன் ரிஃபா கண்டென்சரின் பிளாஸ்டிக் ஓடு விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சும். பல ஆண்டு கழித்துச் சுவிட்சைப் போட்டதும் நாற்றமடிக்கும் புகை.

பெங்களூரில் இதற்கெல்லாம் போகுமிடம் சிக்பேட்டைப் பக்கத்து எஸ்.பி. ரோடு, முழுப்பெயரில் சாதர் பட்ரப்பா சாலை. நகரத்தின் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு. உதிரிப்பாகம், இரண்டாம் கை மானிட்டர், கழற்றிய எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும்.

பழுது பார்ப்பதற்கு ஒழுங்கு உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கும். முதலில் அதை ரெசிஸ்டர் வைத்து வடிக்க வேண்டும். மறுபடி மின்சாரம் கொடுக்கும்போது வரிசையில் ஒரு குண்டு பல்பைச் சேர்த்துக்கொள்வது நல்லது. ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரியும், ஃபியூஸ் தப்பும். ஐ.பி.எம். வகைப் பழைய பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் இரட்டை இணைப்பைச் செருகும்போது கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டுக்கே ஆபத்து.

மாற்று கண்டென்சர் 105 டிகிரி தாங்கும் வகையாக இருப்பது மேல். அலமாரியில் முப்பது ஆண்டு பிரிக்காமல் கிடந்த பழைய சரக்கை அப்படியே பொருத்தக் கூடாது. உள்ளே அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்திருக்கும். மின்னழுத்தத்தைச் சிறுகச் சிறுக ஏற்றி அதை மறுபடி வளர்த்த பிறகே பலகையில் ஈயம் வைக்க வேண்டும்.