லாட்டரிப் பரிசு கோரலும் அடையாளச் சான்றுகளும்

லாட்டரிப் பரிசு கோரல் என்பது, குலுக்கலில் பரிசு விழுந்த சீட்டை வைத்திருப்பவர் குறித்த காலத்துக்குள் அதை ஒப்படைத்து, தாம் யார் என்பதற்குச் சான்று காட்டிப் பணம் பெறும் நடைமுறை. தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் லாட்டரிச் சீட்டு விற்பனைக்குத் தடை உள்ளது. ஆந்திரப் பிரதேசத்திலும் அரசு லாட்டரி கிடையாது. எனவே எல்லையோர ஊரான திருத்தணியைச் சேர்ந்த ஒருவருக்குச் சட்டப்படி பரிசு விழ வேண்டுமானால், அவர் வேறு மாநிலத்துக்குச் சென்று அங்கே சீட்டு வாங்கியிருக்க வேண்டும். நடைமுறையில் அந்த மாநிலம் பெரும்பாலும் கேரளமே.

தொடக்க வரலாறு

பரிசு பெறுபவரை அடையாளம் காணும் சிக்கல் லாட்டரி அளவுக்கே பழமையானது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசி 1567இல் அறிவித்த அரசு லாட்டரியில் 4 லட்சம் சீட்டுகள் திட்டமிடப்பட்டன. ஒரு சீட்டின் விலை 10 ஷில்லிங். முதல் பரிசு 5,000 பவுண்டு. சீட்டு வாங்குவோர் பதிவேட்டில் பெயரோடு ஒரு குறுஞ்செய்யுளையோ முதுமொழியையோ எழுதித் தரலாம். பெயரை வெளியிட விரும்பாதவருக்கு அந்த வரியே அடையாளம். 1569 ஜனவரி முதல் மே வரை லண்டன் புனித பால் பேராலயத்தின் மேற்கு வாசலில் குலுக்கல் நடந்தது. எடுத்த சீட்டிலுள்ள வரியைக் கேட்டு உரியவர் தம் சீட்டை அறிந்துகொள்வார். தாழ்நாடுகளின் நகர லாட்டரிகளிலும் இதே வழக்கம் முன்பே இருந்தது.

இந்தியாவில் 1817இல் கல்கத்தாவில் அமைந்த லாட்டரிக் குழு, சீட்டு விற்ற பணத்தில் நகருக்குச் சாலைகளும் குளங்களும் அமைத்தது. அரசு அனுமதி பெறாத லாட்டரிகளை 1844ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் தடுத்தது. இதே நோக்கில் 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஏ பிரிவு சேர்ந்தது. விடுதலைக்குப் பின் அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 40ஆம் இனமாக, மத்திய மாநில அரசுகள் நடத்தும் லாட்டரிகள் இடம்பெற்றன.

கேரளம் 1967இல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. நிதியமைச்சர் பி. கே. குஞ்ஞு இதற்கு முன்கை எடுத்தார். ஒரு ரூபாய்ச் சீட்டு. முதல் பரிசு 50,000 ரூபாய். முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26. அதே ஆண்டு ஆகஸ்டு 15இல் முதலமைச்சர் அண்ணா காலத்தில் தமிழ்நாடு பரிசுச் சீட்டுத் திட்டம் வந்தது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற முழக்கம் பட்டிதொட்டியெங்கும் பரவியது. அப்போது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, சித்தூர் மாவட்டத்திலிருந்த இவ்வூர் 1960 ஏப்ரல் 1இல் இணைந்தது.

சீட்டின் சட்டத் தன்மை

சீட்டு ஒரு சரக்கா, வெறும் உரிமையா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் போனது. அன்ராஜ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் (1985), குலுக்கலில் பங்கேற்கும் உரிமை சரக்கு என்றும், பரிசு பெறும் வாய்ப்பு வேறு என்றும் நீதிமன்றம் பிரித்தது. 2006இல் சன்ரைஸ் அசோசியேட்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தப் பிரிவினையை ஏற்காமல், சீட்டு வழக்காடிப் பெறத்தக்க உரிமையே என்று முடிவு செய்தது.

பின்புறம் பெயர் எழுதும்வரை சீட்டு கையில் வைத்திருப்பவருக்கே உரியதாகக் கருதப்படும். 2021 மார்ச்சில் கேரளத்தின் ஆலுவா பகுதியில் ஒரு பெண் விற்பனையாளர், தொலைபேசியில் சீட்டு எண்ணைச் சொல்லி எடுத்துவைக்கச் சொன்ன வாடிக்கையாளருக்கு 6 கோடி ரூபாய் விழுந்ததை அறிந்து, அவர் வீட்டுக்கே போய்ச் சீட்டைக் கொடுத்துவிட்டு விலையான 200 ரூபாயைப் பெற்றுவந்தார். சீட்டு அதுவரை இருந்தது விற்பனையாளர் கையில்தான். வைத்திருப்பவருக்கே சீட்டு உரியது என்ற இந்தத் தன்மையால்தான், கறுப்புப் பணம் வைத்திருப்போர் பரிசு விழுந்த சீட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கி வெள்ளையாக்கும் முறைகேடும் வளர்ந்தது. அடையாளச் சான்று விதிகள் இறுகியதற்கு இதுவும் காரணம்.

தேவையான சான்றுகள்

கேரளத்தில் 5,000 ரூபாய் வரையான பரிசை லாட்டரிக் கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கும் மேல் திருவனந்தபுரத்திலுள்ள இயக்குநரகம் அல்லது வங்கி வழி. குலுக்கல் நடந்த 30 நாட்களுக்குள் கோர வேண்டும். பெரிய பரிசுகளுக்குக் கேட்கப்படுபவை:

1. அசல் சீட்டு. பின்புறத்தில் பெயர், முகவரி, கையொப்பம் இருக்க வேண்டும். கிழிந்தோ திருத்தப்பட்டோ இருந்தால் தள்ளுபடி ஆகும்.
2. சீட்டின் இருபுற நகல்.
3. பாஸ்போர்ட் அளவுப் படங்கள் இரண்டு, கெஜட்டட் அதிகாரி அல்லது நோட்டரி சான்றொப்பத்துடன்.
4. ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட் போன்ற ஒன்றின் நகல்.
5. பான் அட்டை நகல்.
6. வருவாய் முத்திரை வில்லை ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீது.

பலர் சேர்ந்து வாங்கிய சீட்டானால், பணம் பெற ஒருவரை நியமித்து முத்திரைத்தாளில் எழுதித் தர வேண்டும். சான்று எத்தனை இருந்தாலும் அசல் சீட்டு இல்லாமல் பணம் இல்லை.

திருத்தணி வட்டாரத்தில் பெயர்ப் பொருத்தம் கவனிக்கத்தக்கது. தமிழ்க் குடும்பங்களில் தந்தை பெயரின் முதலெழுத்து இனிஷியலாக வரும். தெலுங்கு பேசும் குடும்பங்களில் அது வீட்டுப் பெயரின் எழுத்து. ஒரே ஆளின் ஆதாரில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் இனிஷியல் விரிந்து வேறு விதமாகவும் இருக்கக்கூடும். சீட்டின் பின்புறம் பெயர் எழுதும்போது பான் அட்டையில் உள்ளபடியே எழுதுவது நல்லது.

வெளிமாநிலத்தவர்

வெளிமாநிலத்தவர், எதற்காகக் கேரளம் வந்தார், எந்தச் சூழலில் சீட்டு வாங்கினார் என்பதை விளக்கி நோட்டரி சான்றுடன் எழுதித் தர வேண்டும். கேரளச் சீட்டை வெளிமாநிலத்தில் விற்கக் கூடாது என்பதால் இந்த விதி நியாயமானதே. 2023 ஓணம் பம்பரில் 25 கோடி ரூபாய் திருப்பூர் வட்டாரத்தைச் சேர்ந்த நான்கு நண்பர்களுக்கு விழுந்தபோது, சீட்டு தமிழ்நாட்டில் கள்ளத்தனமாக விற்கப்பட்டது என்று புகார் எழுந்து விசாரணை நடந்தது. 2024 ஜனவரியில் கிறிஸ்துமஸ் புத்தாண்டு பம்பரின் 20 கோடி, சபரிமலைக்குச் சென்றிருந்த புதுச்சேரிக்காரருக்கு விழுந்தது. பெயரை வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். திருத்தணியிலிருந்து மாலை போட்டு மலைக்குப் போவோருக்கும் இந்தக் குலுக்கல் சீசனோடு ஒத்து வருகிறது. பயணச் சீட்டையும் அறை ரசீதையும் பத்திரப்படுத்துவது உதவும்.

வரி

முதல் பரிசில் ஏஜெண்டு கமிஷன் கழியும். மீதியில் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்படும். கூடுதல் வரியும் செஸும் தனி. லாட்டரி வருமானத்துக்கு அடிப்படை வரி விலக்கு வரம்பு பொருந்தாது. 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, காலத்துக்குள் கோரப்படாத பரிசு அந்தந்த மாநில அரசுக்குச் சேரும்.

பிற நாடுகள்

இலங்கையில் 1963 முதல் தேசிய லொத்தர் சபை இயங்குகிறது. பெரிய பரிசுகளுக்குத் தேசிய அடையாள அட்டை கேட்கப்படும். சிங்கப்பூரில் 180 நாள் அவகாசம் உண்டு. அபுதாபியின் பிக் டிக்கெட்டில் வாங்கும்போதே பெயரும் தொலைபேசி எண்ணும் பதிவாகிவிடும்.

தற்போதைய நிலை

வாட்ஸ்அப்பில் லாட்டரி விழுந்ததாகச் சொல்லி ஆதார் நகலும் முன்பணமும் கேட்பது இன்று பரவலான மோசடி. வெளிநாட்டு லாட்டரிச் சீட்டு வாங்க இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன.