யோர்க்ஷயர்க் கிண்ணமும் நாட்கூலியும்

இலங்கையில் றக்பி எனின் பதினைவர் ஆட்டமே நினைவுக்கு வரும். பதின்மூவர் ஆடும் றக்பி லீக் கூலிப் பிணக்கிற் பிறந்தது. வட இங்கிலாந்தின் சுரங்க, ஆலைத் தொழிலாளர் ஆட்டத்துக்காக இழந்த நாட்கூலியை ஈடுசெய்யத் தலைமைச் சங்கம் இடங்கொடுக்கவில்லை. எனவே 1895இல் வடபுலக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்டிற் கூடித் தனி ஒன்றியம் கண்டன.

அவ்வொன்றியத்தின் யோர்க்ஷயர்க் கிண்ணம், தோற்றவர் உடன் வெளியேறும் பிரதேசப் போட்டியாக 1905இல் தொடங்கிற்று. 1907 டிசெம்பர் இறுதியாட்டத்தில் அல்பேர்ட் கோல்ட்தோர்ப் தலைமையிலான ஹன்ஸ்லெட் அணி ஹலிபக்ஸை 17–0 என வென்றது. லீட்ஸ் நகரின் தொழிற்புறமொன்றைச் சேர்ந்த அவ்வணி, அப்பருவத்திலேயே யோர்க்ஷயர் லீக், சவால் கிண்ணம், சம்பியன் பட்டம் ஆகியவற்றையும் பெற்று, நான்கையும் ஒருங்கே வென்ற முதல் அணியாயிற்று.

ஈடு கொடுப்பது ஆட்டத்தின் மாண்பைக் குலைக்கும் என்றோர்க்கு அவ்வெற்றியே விடை. முள்ளியவளை வயல்களில் நாட்கூலியின் அருமை அறிந்தோர்க்கு இவ்வரலாறு அந்நியமன்று.