சிலைகளின் பேரம்

போர் என்றதும் பீரங்கியும் விமானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நூதனசாலைகளையும் ஆய்வு நிலையங்களையும் முன்வைத்து இராஜதந்திரிகள் நடத்திய போர்களும் வரலாற்றில் உண்டு. ஒரு நாட்டின் மண்ணில் அந்நிய வல்லரசொன்று கலாசார நிலையம் அமைக்கிறது. பின்னர் அம்மண்ணில் மற்றொரு வல்லரசின் படை புகுகிறது. அந்நிலையத்தின் செல்வம் எவருக்குரியது? இரண்டாம் உலகப் போர்க்கால இந்தோசீனம் இக்கேள்விக்கு அளித்த விடையை மலையக மக்களாகிய நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

தூரகிழக்குப் பிரெஞ்சு ஆய்வுப்பள்ளி 1898-இல் சைகோனில் தோன்றிப் பின்னர் ஹனோய் நகரில் நிலைகொண்டது. காடு மூடிக் கிடந்த அங்கோர் கோயில்களை ஆராய்ந்து பேணியது அப்பள்ளியே. 1929 முதல் அதன் தலைவராயிருந்த ஜோர்ஜ் சேதேஸ், இராசேந்திர சோழனின் கடற்படை தாக்கிய ஸ்ரீவிஜயப் பேரரசை 1918-இல் உலகுக்கு அடையாளங் காட்டிய அறிஞர். இவ்வறிவுப் பணியை நாம் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆயின் அப்பணி நின்ற அத்திவாரம் காலனி ஆட்சி என்பதையும் மறத்தலாகாது.

1940 ஜூனில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. செப்டெம்பரில் யப்பானியப் படை இந்தோசீனத்தின் வடபகுதியிலும், 1941 ஜூலையில் தென்பகுதியிலும் புகுந்தது. எனினும் தேக்கு என்னும் தேசாதிபதியின் கீழ்ப் பிரெஞ்சு நிர்வாகம் நீடித்தது. ஒரு வீட்டில் இரண்டு எசமானர்! 1941 மே மாதம் டோக்கியோவில் யப்பானின் மத்தியஸ்தத்தில் கையொப்பமான உடன்படிக்கையின்படி, கம்போடியாவின் பட்டம்பாங் மாகாணமும் சியெம் ரீப்பின் பெரும்பகுதியும் தாய்லாந்துக்குப் போயின. அங்கோர் மட்டும் பிரான்சின் கையில் எஞ்சியது. நிலத்தைப் பங்கிட்டபோதும் கோயிலுக்குத் தனிவிலை இருந்தது.

அடுத்து வந்தது கலைப்பொருட் பரிமாற்றம். யப்பானியக் கலைப்பொருள்கள் ஹனோய்க்கு வர, ஆய்வுப்பள்ளியின் வசமிருந்த கெமர் சிற்பங்கள் 1944-இல் டோக்கியோ சென்றடைந்தன. அவை இன்றும் டோக்கியோ தேசிய நூதனசாலையிலேயே உள்ளன. கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர், பெற்றவர் யப்பானியர். அச்சிற்பங்களைச் செதுக்கிய இனத்தாரை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமிலர்.

யப்பானும் போர்க்காலத்திலேயே இந்தோசீனத்தில் தன் கலாசார நிலையத்தை நிறுவியது. 1945 மார்ச் 9-ஆம் நாள் யப்பானியப் படை பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்தது. உடனே அந்நிலையத்தின் தலைவர் யொகொயாமா, ஹுவே நகரில் பாவோ தாய் மன்னரின் ஆலோசகராக அமர்ந்தார். கலாசாரத்தின் வாயிலுக்கும் ஆட்சியின் வாயிலுக்கும் இடையே தூரம் அவ்வளவே.

இப்பேரங்கள் நடந்தேறிய அதே 1944, 45-ஆம் ஆண்டுகளில் ஹனோயைச் சூழ்ந்த வடவியட்நாமில் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. போருக்கெனக் கட்டாயமாகக் கொள்முதல் செய்யப்பட்ட நெல்லும், உணவு விளைந்த வயல்களில் புகுத்தப்பட்ட சணலும், குண்டுவீச்சில் சிதைந்த போக்குவரத்தும் அதற்குக் காரணங்கள். மாண்டோர் தொகையைப் பல இலட்சம் என்பாரும் இருபது இலட்சம் என்பாரும் உளர். சிற்பங்களைப் பத்திரமாக அனுப்பிவைக்க வழிகண்ட இரு எசமானரும், விளைவித்தவனுக்கு ஒரு பிடி அரிசி கிடைக்க வழிகாணவில்லை.

ஹனோய் நூதனசாலை பின்னர் வியட்நாமியர் கைக்கு வந்து, 1958 முதல் அவர்களது தேசிய வரலாற்று நூதனசாலையாகத் திகழ்கிறது. இது எந்த வல்லரசும் மனமிரங்கி அளித்த கொடையன்று. போராடிப் பெற்ற சுதந்திரத்தின் பயன்.

டயகமவிலும் அட்டனிலும் வாழும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் என்றது. 1974-இல் அவர்களும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அங்கே சிற்பங்களின் சம்மதத்தைக் கேட்க இயலாது. இங்கே வாயும் மனமும் உள்ள மனிதர் இருந்தனர். அவர்களது சம்மதமும் கேட்கப்படவில்லை.

உரியவன் இல்லாத மேசையில் எழுதப்படும் ஒப்பந்தம், அது சிலையைப் பற்றியதாயினும் மனிதரைப் பற்றியதாயினும், பேரமே அன்றி நீதியாகாது. இதை நம் மாணவர் வரலாற்றுப் பாடத்தில் கற்றல் வேண்டும்.